பெட்டியடியும் ஒளித்திரையும்

மீசை அரும்பும் பருவத்துப் பையனுக்குக் கொண்டுவிற்கப் போகும் வயது வந்துவிட்டதென்று நூறாண்டுகளுக்கு முன் செட்டிநாட்டு வீடொன்றில் தீர்மானமாகும்போது, அவன் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனனம் செய்து முடித்திருப்பான். வட்டிக் கணக்கு அவன் நாவில் தானாக ஓடும். பேரேடு எழுதுவதும் ஐந்தொகை போடுவதும் வீட்டுப் பெரியவர்களின் பக்கத்திலிருந்து பாதிக்குமேல் பழகியிருக்கும். இவ்வளவும் கற்றவனாயினும், கப்பலேறி ரங்கூனிலோ பினாங்கிலோ வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கியில் போய் இறங்கியவுடன் அவனுக்குக் கிடைத்த இடம் கடையை நடத்தும் மேலாளின் பணப்பெட்டிக்கு அருகே விரித்த பாயின் ஓரந்தான். கிடைத்த பெயர் பெட்டியடிப் பையன். கடன் கேட்டு வருகிறவன் எப்படிப் பேச்சைத் தொடங்குகிறான், அவன் சொல்வதில் எதை மேலாள் காதில் வாங்கிக்கொள்கிறார், எதை வாங்காததுபோல் இருந்துவிடுகிறார், இல்லையென்று சொல்ல நேர்ந்தால் வந்தவன் மனம் கோணாமல் மறுபடியும் வரும்படியாக எப்படிச் சொல்கிறார் என்பனவற்றையெல்லாம் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதே அவனுடைய முதற்பாடம். சில வருஷம் கழித்து அடுத்தாளாகி, அதற்கும் பிறகே அவன் மேலாளானான். அப்போதும் ஐந்தொகை கிரமமாக ஊருக்குத் தபாலில் வரும். காரைக்குடியிலோ கோட்டையூரிலோ வீட்டு முகப்பில் அமர்ந்து முதலாளி அதைப் படித்து, இன்ன இனத்தில் பாக்கி ஏறுகிறது, இன்னாரிடம் ஜாக்கிரதை என்று பதில் எழுதுவார். கணக்கு கடல் தாண்டிக் காகிதத்தில் போய்வந்தது. ஆளை எடைபோடும் வித்தையைக் காகிதத்தில் அனுப்ப எவரும் முயன்றதில்லை.

எதைத் தொலைவிலிருந்து சொல்லிக்கொடுக்கலாம், எதை அருகில் உட்காரவைத்தே பழக்கவேண்டும் என்கிற இந்தப் பாகுபாட்டை நம் ஊர் வியாபாரிகள் எந்தக் குழுவும் கூடி ஆராயாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். இன்று ஆசிரியராக விரும்பும் இளைஞர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது என்ற பேச்சு எழும் இடங்களிலெல்லாம் கலப்பு முறைக் கற்றல் என்ற தொடர் அடிபடுகிறது. பாடத்தில் ஒரு பகுதியை இணையத்தின் வழியாகவும் மற்றொரு பகுதியை வகுப்பில் நேரிலும் கற்பது என்பது அதன் பொருள். பெருந்தொற்றின் இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கருத்துக் குறிப்பு ஒன்று, உயர்கல்வி நிலையங்கள் ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையவழியே நடத்தலாம், எஞ்சிய 60 விழுக்காட்டை நேரில் நடத்தவேண்டும் என்று ஒரு கணக்கைச் சொன்னது. தொற்று போய்விட்டது, கணக்கு நிலைத்துவிட்டது. பி.எட். கல்லூரிகளிலும் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எனக்கு இந்த முறையோடு விரோதம் ஒன்றுமில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கழித்தவன், ஆண்டுதோறும் வந்துபோகும் மாணவாசிரியர்களுக்கு வழிகாட்டி ஆசிரியனாகவும் இருந்தவன் என்ற அனுபவத்தில், இது சரியாக நடந்தால் பெரும் பிரயோஜனம் உண்டென்றே நம்புகிறேன். ஆனால் 40, 60 என்ற எண்களை மாத்திரம் வைத்துக்கொண்டு எதுவும் சொல்லிவிட இயலாது. நம் ஊர்க் கொத்தனார் சுண்ணாம்போடு மணலைச் சேர்த்து அரைத்தால் அது கலவை. மிளகாய்த்தூளோடு செங்கற்பொடியைச் சேர்த்தால் அது கலப்படம். கலத்தல் என்ற செயல் இரண்டிலும் ஒன்றுதான்.

காரைக்குடிக்கு இவ்விஷயத்தில் தனியான அக்கறை உண்டு. 1947 ஜூலையில் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நினைவுக் கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தனவந்தர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வரவேண்டுமென்று கேட்டுக்கொள்ள, கூட்டத்திலிருந்த அழகப்ப செட்டியார் அங்கேயே அதற்கு இசைந்து, அடுத்த மாதமே, சுதந்திரத் திருநாளுக்குச் சில தினங்கள் முன்னதாக, இவ்வூர்க் காந்தி மாளிகையில் வகுப்புகளை ஆரம்பித்துவிட்ட கதை இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். லண்டனில் சட்டமும் வங்கித் தொழிலும் பயின்றதோடு விமானம் ஓட்டவும் கற்றுத் திரும்பியவர் அவர். கலைக் கல்லூரியை நிறுவிய மூன்றாவது வருஷமே, 1950இல், பட்டதாரிகளை ஆசிரியர்களாக்கும் பயிற்சிக் கல்லூரி ஒன்றையும் அவர் தொடங்கினார். கல்லூரி கட்டினால் ஆசிரியர் வேண்டும், ஆசிரியர் வேண்டுமானால் அவரைப் பழக்க ஓர் இடம் வேண்டும் என்று அடுக்கிப் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது. குழந்தைகள் பள்ளியிலிருந்து பொறியியற் கல்லூரி வரையில் கிட்டத்தட்ட ஒரே வளாகத்தில் அவர் எழுப்பிய ஸ்தாபனங்களே 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாக அடித்தளமாயின. 1992இல் அதற்குத் தொலைநிலைக் கல்வி இயக்ககமும் அமைந்தது. ஆகவே ஆசிரியர் பயிற்சி, பயிற்சிக்கு வேண்டிய பள்ளிகள், தொலைவிலிருந்து கற்பிக்கும் அனுபவம் ஆகிய மூன்றும் ஒரு சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்குள் கிடைக்கும் ஊர் இது.

அந்தப் பயிற்சிக் கல்லூரியில் 1950 தொடங்கிப் பத்தாண்டுகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் ந. சுப்பு ரெட்டியார். அதற்குமுன் துறையூரில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த அனுபவத்தோடு வந்தவர். இவ்வூரில் இருந்த காலத்தில் அவர் எழுதிய ‘தமிழ் பயிற்றும் முறை’ என்ற பெருநூல், தாய்மொழியை வகுப்பில் கற்பிப்பது எப்படி என்பதைத் தமிழிலேயே விரிவாகச் சொல்லி, பல தலைமுறை மாணவாசிரியர்களின் கையில் புழங்கிற்று. அவரை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இன்று பி.எட். வகுப்பில் நடப்பதென்ன? தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு படிப்பு ஈராண்டாயிற்று. பள்ளியில் இருந்து பயிலவேண்டிய காலம் முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம், ஆக 20 வாரம் என்று நிர்ணயமாயிற்று. முன்பு ஓராண்டுப் படிப்பில் கிடைத்த சில வாரங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றந்தான். எஞ்சிய காலமெல்லாம் கல்வி உளவியல், கல்வித் தத்துவம், மதிப்பீடு என்று வகுப்பறைப் பிரசங்கத்தில் கழிகிறது. பெரும்பாலான இடங்களில் பிரசங்கம் என்பதுகூட மரியாதையான சொல். குறிப்பைப் படிப்பார்கள், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். குழந்தை தானே கண்டறிந்து கற்கவேண்டும் என்ற பியாஜேயின் கருத்தை, இருபத்தைந்து வயதான மனிதர்கள் தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொள்ளும் காட்சியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்குமேல் ரெக்கார்டு நோட்டு. வண்ணப் பேனாவும் அட்டையும் வாங்கி, முந்தைய ஆண்டு படித்த அக்காவின் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதி, செய்முறைத் தேர்வுக்கு வருகிற புறத்தேர்வாளர் முன் அடுக்கிவைத்தால் பயிற்சி முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது.

இந்தப் பிரசங்கப் பகுதியைத் திரைக்கு அனுப்பிவிடலாம் என்பதில் எனக்குச் சிறிதும் ஆட்சேபமில்லை. உளவியலை நன்றாக விளக்கக்கூடிய ஒருவர் பேசியதைப் பதிவுசெய்து வைத்தால், திருப்பத்தூரிலோ சிங்கம்புணரியிலோ இருக்கும் ஒரு பெண், வீட்டு வேலை முடிந்த பிறகு, புரியாத இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை கேட்டுக்கொள்வாள். வகுப்பில் கையைத் தூக்கி, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? அது தவிர, அவள் வேலைக்குப் போகப்போகிற பள்ளியில் திறன் பலகை இருக்கும். 2019 ஆகஸ்டு முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. மத்திய அரசின் தீக்ஷா தளம் 2017இலிருந்து இருக்கிறது. திரையில் பாடம் கேட்கும்போது மனம் எந்த இடத்தில் அலையத் தொடங்குகிறது, எவ்வளவு நேரத்தில் கண் சலிக்கிறது, கேள்வி எழுந்தால் யாரிடம் கேட்பது என்ற தவிப்பு எப்படிப்பட்டது என்பதைத் தானே மாணவியாக இருந்து அறியாதவள், நாளைக்குப் பிள்ளைகளைத் திரைக்கு முன் உட்காரவைக்க என்ன தெரிந்து உட்காரவைப்பாள்?

தொலைவையும் அருகாமையையும் சேர்ப்பது நம் நாட்டுக்குப் புதிதுமல்ல. மைசூர், போபால், அஜ்மீர், புவனேசுவரம் ஆகிய நான்கு ஊர்களில் தொடங்கப்பட்ட மண்டலக் கல்விக் கல்லூரிகள் 1966 முதல், வேலையிலிருக்கும் பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்காகக் கோடைப் பள்ளியும் தபாற் கல்வியும் இணைந்த ஒரு பி.எட். படிப்பை நடத்தின. இரண்டு கோடை விடுமுறைகளில் ஆசிரியர்கள் கல்லூரிக்கு வந்து தங்கிப் படிப்பார்கள்; இடைப்பட்ட மாதங்களில் தத்தம் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் வரும் பாடங்களைப் படித்து விடை எழுதி அனுப்புவார்கள். இணையம் என்ற சொல்லே பிறவாத காலத்தில் நடந்த கலப்பு முறை அது. பிறகு 1975இல், அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றைக் கடன் வாங்கி ஆறு மாநிலங்களின் கிராமங்களுக்கு நம் நாடு ஓராண்டுக் காலம் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் பயிற்சியும் அதில் இடம்பெற்றது. தொலைக்காட்சியோடு வானொலி, கையேடு, தாமே செய்துபார்க்கவேண்டிய சோதனைகள் எல்லாம் சேர்ந்த பயிற்சி அது. இவ்விரண்டிலும் ஒரு விசேஷம் உண்டு. கற்பவர் ஏற்கெனவே பள்ளியில் நின்றுகொண்டிருந்தவர். அவருக்கு இல்லாதது அறிவுரை. அது தொலைவிலிருந்து வந்தது. வகுப்பறை அவர் கையிலேயே இருந்தது.

இன்று பி.எட். சேருகிற இளைஞருக்கு நிலைமை தலைகீழ். அறிவுரை அவர் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியில் கொட்டிக்கிடக்கிறது, இல்லாதது வகுப்பறை. ஆகையால் 40 விழுக்காடு திரைக்குப் போகிறதென்றால், அதனால் மிச்சமாகிற நேரம் எங்கே போகிறது என்பதே நான் கேட்கவேண்டிய முதற்கேள்வியாகிறது. அது பள்ளிக்கூடத்துக்குப் போனால் கலவை. கல்லூரியின் செலவுக் கணக்கில் மிச்சமாக நின்றுவிட்டால் எனக்குச் செங்கற்பொடியின் ஞாபகம் வருகிறது.

இந்தப் பயம் கற்பனையன்று. கட்டாயக் கல்விச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்தின்படி, பணியிலிருக்கும் பயிற்சி பெறாத ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் தகுதி பெற்றாகவேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டதும், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் ஸ்வயம் இணையதளம், தொலைக்காட்சி அலைவரிசை, நேர்முக வகுப்பு ஆகியவற்றைக் கலந்து ஒரு பட்டயப் படிப்பை நடத்த முன்வந்தது. 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் பதிந்துகொண்டார்கள். உலகில் எங்குமே அவ்வளவு பெரிய அளவில் அப்படியொரு பயிற்சி நடந்திருக்குமா என்பது சந்தேகமே. ஈராண்டுப் படிப்பு பதினெட்டு மாதமாகச் சுருங்கியது. பிறகு வந்தது வழக்கு. அந்தப் பதினெட்டு மாதப் பட்டயம் ஈராண்டுப் பட்டயத்துக்கு நிகராகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2017 ஆகஸ்டு 10ஆம் தேதி பணியில் இருந்தவர்களுக்கு அது செல்லும் என்று 2024 டிசம்பரில் விளக்கம் தந்தது. நடுவில் எத்தனையோ குடும்பங்கள் தூக்கமிழந்திருக்கும். தொழில்நுட்பத்தின் மீது குற்றமில்லை. கெடுவுக்காகவும் எண்ணிக்கைக்காகவும் காலத்தைக் குறைத்ததே அங்கே வந்த வினை.

காலம் என்பது இங்கே எவ்வளவு முக்கியமென்று காட்ட இன்னொரு சான்றும் சொல்லலாம். இணையவழிக் கல்வியைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் வெளியிட்ட அறிக்கை, நேர்முகக் கற்பித்தலோடு இணையத்தைக் கலந்தபோது மாணவர்கள், சராசரியில், நேர்முகமாக மட்டும் படித்தவர்களைவிடச் சற்று நன்றாகக் கற்றார்கள் என்று கண்டது. கலப்பு முறைக்கு வக்காலத்து வாங்குவோர் எல்லோரும் இந்த அளவோடு நிறுத்திவிடுவார்கள். அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: கலப்பு முறையில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சிப் பொருள்களும் கிடைத்திருந்தன, ஆகவே பலனை ஊடகத்தின் கணக்கில் வரவுவைக்கக் கூடாது. நம் பேரேட்டு வழக்கில் சொன்னால், வரவு எந்தத் தலைப்பில் வந்தது என்று பாராமல் ஐந்தொகை போடலாகாது.

இனி, திரை உண்மையிலேயே அற்புதம் செய்யக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அது பிரசங்கத்தில் இல்லை. 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் முதலியோர் தொடங்கிய நுண்நிலைக் கற்பித்தல் என்ற பயிற்சி எல்லா பி.எட். மாணவருக்கும் தெரியும்: சிறு குழுவுக்கு முன் சில நிமிடங்களுக்கு ஒரே ஒரு திறனை, கேள்வி கேட்பதையோ உதாரணம் காட்டுவதையோ மட்டும், கற்பித்துப் பார்த்து, குறை கேட்டு, மறுபடி கற்பிப்பது. அங்கே அது பிறந்தபோதே கற்பித்ததை ஒளிப்பதிவு செய்து தன்னைத் தானே பார்ப்பது என்பது அதன் உயிர்நாடிகளில் ஒன்றாக இருந்தது. அந்தக் கருவி அன்று விலையுயர்ந்தது. நம் நாட்டுக்கு வந்தபோது, கற்பிக்க 6 நிமிடம், குறைநிறை சொல்ல 6, திருத்தித் திட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி குறைநிறை 6, ஆக 36 நிமிடம் என்று கணக்கு மட்டும் சுத்தமாக வந்து சேர்ந்தது. கருவி பெரும்பாலான கல்லூரிகளுக்கு வரவில்லை. இன்று அந்தக் கருவி ஒவ்வொரு மாணவாசிரியர் கையிலும் இருக்கிறது. அதில் அவர்கள் எதையெதையோ பார்க்கிறார்கள். தம் வகுப்பை மட்டும் பார்ப்பதில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன் என் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்கு ஒளி விலகல் நடத்த வந்த மாணவாசிரியை ஒருத்தி, கைபேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்துத் தன் வகுப்பைப் பதிவுசெய்தாள். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வாங்கிய பிறகே செய்தாள் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குவளைத் தண்ணீரில் பென்சிலை நிறுத்திக் காட்டினாள், படம் வரைந்தாள், குரல் கணீரென்று இருந்தது. நல்ல வகுப்பு என்றே நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிவைத்தேன். அன்று மாலை அவள் பதிவைப் பார்த்துவிட்டு முகம் வாடி வந்தாள். பதினொரு கேள்வி கேட்டிருக்கிறாள். அவற்றில் ஒன்பதுக்குப் பிள்ளைகள் வாய் திறக்குமுன் அவளே பதில் சொல்லியிருக்கிறாள். வகுப்பு முழுதும் அவள் கண் இடப்பக்கத்து முதல் இரண்டு வரிசைகளைத் தாண்டவேயில்லை. இதை நான் கவனித்திருந்தாலும், நான் சொல்லியிருந்தால் கிழவன் குறை சொல்கிறான் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கும். அவளுடைய பேராசிரியரோ கல்லூரியில் இருந்தபடியே அன்றிரவு அப்பதிவைப் பார்த்து, இன்ன நிமிடத்தில் நிறுத்திக் காத்திருந்தால் போதும் என்று குறிப்பு அனுப்பினார். பல பள்ளிகளில் பிரிந்து கிடக்கும் மாணவாசிரியர்களை அவர் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதானால் அந்தக் குறிப்பு வர ஒரு மாதம் ஆகியிருக்கும். சில கல்லூரிகளிலிருந்து யாருமே வருவதில்லை.

ஆனால் அந்தப் பதிவு காட்டாத ஒன்றும் இருந்தது. வலப்பக்கம் மூன்றாவது வரிசையில் வாயை மூடிக்கொண்டிருந்த பையன் ஒருவன், கண்மாயில் தண்ணீர் வற்றத் தொடங்கினால் பள்ளிக்கே வரமாட்டான்; மீன் பிடிக்கப் போய்விடுவான். தண்ணீருக்குள் மீன் தெரிகிற இடத்தில் குத்தினால் மீன் அகப்படாது, அதற்குக் கொஞ்சம் கீழே குத்தவேண்டும் என்பது அவனுக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். ஒளி விலகலை அந்த வகுப்பில் அனுபவமாக அறிந்தவன் அவன் ஒருவன்தான். இதை அவளுக்குச் சொல்வதற்கு, அந்தப் பையனையும் அவன் வீட்டையும் அந்தக் கண்மாயையும் தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருக்கவேண்டியிருந்தது. மறுநாள் அவள் அவனை எழுப்பி மீனைப் பற்றிக் கேட்டாள். அவன் பேசத் தொடங்கியதும் வகுப்பு முழுதும் திரும்பிப் பார்த்தது.

பதிவு, தொலைவிலிருக்கும் பேராசிரியர், அருகிலிருக்கும் பழைய ஆசிரியர் என்று மூன்றும் சேர்ந்து செய்த அந்த வேலையையே நான் கலப்பு முறை என்று கருதுகிறேன். கோத்தாரி கமிஷன் 1964-66இல் ஆசிரியர் பயிற்சி நிலையங்களைப் பற்றி எழுதியபோது, அவை பல்கலைக்கழக வாழ்விலிருந்தும், பள்ளிகளின் அன்றாடப் பிரச்சினைகளிலிருந்தும், ஒன்றிலிருந்து ஒன்றும் விலகித் தனித்துக் கிடக்கின்றன என்று வருந்திற்று. அந்த வேலிகளில் ஒரு முள்ளையாவது ஒரு கைபேசி பிடுங்கிப் போட்டதை நான் பார்த்தேன். அதற்கு முன்பே, 1948-49இல், டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன், பயிற்சிக் கல்லூரிகளில் பள்ளி அப்பியாசத்துக்கு இன்னும் அதிக நேரம் ஒதுக்கவேண்டும், மாணவரை மதிப்பிடுவதிலும் அதற்கு அதிக எடை தரவேண்டும் என்று சொல்லிவிட்டது. பிரசங்கம் வகுப்பு நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலமெல்லாம் அதற்கு இடமில்லை என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது அந்தச் சாக்கைத் திரை எடுத்துக்கொண்டு போகட்டுமே.

எதிர்ப்பவர்கள் சொல்லும் ஆட்சேபங்களையும் அலட்சியம் செய்வதற்கில்லை. எல்லோரிடமும் நல்ல கைபேசி இல்லை, கிராமத்தில் சிக்னல் கிடைப்பதில்லை என்கிறார்கள். இது வருஷத்துக்கு வருஷம் குறைந்துவரும் இடைஞ்சல், கல்லூரி நூலகத்தில் சில கணினிகளை மாலை வரை திறந்துவைத்தால் பெருமளவு தீரும். இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கல்லூரிக்கே வராமல் பட்டம் வாங்குவது என்ற வழக்கம் நம் மாநிலத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்; என் பள்ளிக்கே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்காக மட்டும் வந்து, தேநீர் குடித்துவிட்டுப் போன மாணவாசிரியர்கள் உண்டு. அந்த வழக்கத்துக்குக் கலப்பு முறை என்ற கௌரவமான பெயர் கிடைத்துவிடாதா என்று கேட்கிறார்கள். கிடைத்துவிடும், ஜாக்கிரதையாக இல்லாவிட்டால். முதுகலை படித்தோருக்கும் நான்காண்டுப் பட்டம் பெற்றோருக்கும் பி.எட். படிப்பை மறுபடி ஓராண்டாக்கலாம் என்ற வரைவு விதியும் 2025இல் வந்திருக்கிறது; காலம் சுருங்கச் சுருங்கத் திரையில் ஏற்றிவிடலாம் என்ற ஆசை வளரும்.

ஆகையால் விதி எளிமையாக இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். திரைக்குப் போகிற ஒவ்வொரு மணி நேரமும் பள்ளியில் ஒரு மணி நேரமாகத் திரும்பி வரவேண்டும். 20 வாரம் என்பது அடிமட்டமாக இருக்கட்டும். படிப்பின் காலம் எப்படி மாறினாலும் அதிலிருந்து ஒரு நாளைக்கூட இணையத்தின் பெயரால் கழிக்கலாகாது. பள்ளியில் கூட இருக்கும் வழிகாட்டி ஆசிரியருக்கு இப்போது கிடைப்பது பெரும்பாலும் ஒரு நன்றிக் கடிதம். மாணவாசிரியர் வந்திருக்கும் மாதங்களில் அவருடைய பாட வேளைகளைக் குறைத்து, திரையினால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அவருக்கு மதிப்பூதியமாகத் தந்தால், மேலாளின் பெட்டிக்குப் பக்கத்தில் பையனுக்கு இடம் கிடைத்ததாகும். மேலாளே கவனிக்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் பெட்டியடியில் உட்கார்ந்து என்ன பயன்?

சுப்பு ரெட்டியாரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். இன்று ஸ்வயம் முதலிய தளங்களில் கல்வியியல் குறித்துக் கிடைக்கும் நல்ல பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் வழியில் பட்டம் பெற்று, தமிழ் வழிப் பள்ளிகளில் கற்பிக்கப் போகிற ஒரு மாணவாசிரியை, அவற்றைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுவிட்டு, முடிவில் கடையில் விற்கும் கைடு புத்தகத்தையே நம்புகிறாள். பயிற்சிக் கல்லூரி தொடங்கிய காலத்தில் இந்தக் குறை புத்தக வடிவில் இருந்தது. அதற்கு அவர் செய்த காரியம், அறை வாசலைச் சாத்திக்கொண்டு தமிழில் ஒரு புத்தகத்தை எழுதியது. அதே காரியத்துக்கு இன்றைய வடிவம், தமிழில், நம் பாடப்புத்தகங்களை வைத்து, நம் வகுப்பறைகளில் எடுத்த காட்சிகளோடு, தக்க பேராசிரியர்கள் பேசிய காணொளிப் பாடங்கள். காரைக்குடியில் அதைச் செய்யக்கூடியவர்கள் இல்லையென்று யாரும் சொல்லமுடியாது. அறுபது பேர் ஆளுக்கொரு ஊரில் அதே குறிப்பை அறுபது தடவை படித்துக்காட்டுவதைவிட, நாலைந்து பேர் சிரத்தையோடு ஒருமுறை செய்து வைத்தால், மற்றவர்கள் பள்ளிகளுக்குப் போய் மாணவாசிரியர்களின் கடைசி பெஞ்சில் உட்காரலாம்.

கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும் காலத்தில், பெண்ணை அழைத்துக்கொண்டு வருகிற தகப்பனார்கள் ஹாஸ்டல் உண்டா, பீஸ் எவ்வளவு, பஸ் வசதி எப்படி என்று கேட்பதை அலுவலக வராந்தாவில் நின்றாலே கேட்கலாம். வகுப்பில் பாதி ஆன்லைனில் நடக்கும், அலைச்சல் இல்லை என்று பதிலுக்குச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்பவருக்கும் அது சந்தோஷமாகவே இருக்கிறது. அந்த இடத்தில் அவர் இன்னும் ஒன்று கேட்கலாம்: அந்தப் பாதி நாளில் என் பெண் எந்தப் பள்ளியில் நிற்பாள், அவள் வகுப்பெடுக்கும்போது பின்னால் யார் உட்கார்ந்திருப்பார்?